முத்திரை இல்லாத கருவி. முகவரி இல்லாத பொறுப்பு

தில்லியில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும் நாள்களில், வீடுதோறும் குழந்தைகள் கேட்பது ஐஸ்கிரீம். கடையில் வாங்கித் தரப் பெற்றோர் தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 10 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும் என்பது நமது உணவுப் பாதுகாப்பு விதி. தாவரக் கொழுப்பில் தயாரிக்கப்படுவதை 'உறைந்த இனிப்பு' என்றுதான் குறிப்பிட வேண்டும். அந்தச் சிறிய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொண்ட நடுத்தரக் குடும்பங்கள், நல்ல பாலில் நாமே செய்து கொடுப்போமே என்ற முடிவுக்கு வருகின்றன.

அந்த முடிவை நம்பித்தான் வீட்டு ஐஸ்கிரீம் கருவிகளின் சந்தை வளர்கிறது. சாந்தினி சௌக்கை ஒட்டிய மின்சாதனக் கடைத்தெருக்களைக் காட்டிலும், கைப்பேசியின் திரையில்தான் இவை மிகுதியாக விற்பனையாகின்றன. கலப்படத்துக்கு அஞ்சிக் கருவி வாங்குகிறவர், அந்தக் கருவியே பாதுகாப்பானதா என்று கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல யாருமில்லை என்பதுதான் வேதனைக்குரிய உண்மை.

சென்ற கோடையில் இக்கட்டுரையாளரின் தில்லி இல்லத்துக்கும் அப்படியொரு கருவி வந்து சேர்ந்தது. பேத்தியின் பிறந்த நாளுக்காக வாங்கியது. முதல் முறை ஐஸ்கிரீம் உறையவில்லை, பாயசம்போலக் கிடந்தது. மூன்றாவது முறை, கால் மணி நேரத்தில் மோட்டாரிலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது. ஐந்தாவது முறை, உறைகிண்ணத்தின் விளிம்பில் நீலநிறத் திரவம் கசிந்து நின்றது. குழந்தையின் கிண்ணத்தில் அது கலந்ததா, இல்லையா? எங்களுக்குத் தெரியவில்லை. முழுவதையும் கொட்டிவிட்டோம்.

பெட்டியைப் புரட்டிப் பார்த்தால் தயாரிப்பாளரின் பெயர் இல்லை. இறக்குமதி செய்தவரின் தொலைபேசி எண்ணில் மணி ஒலித்தது, எடுப்பார் இல்லை. திருப்பித் தரும் காலக்கெடு முடிந்துவிட்டதாக விற்ற இணையதளம் கைவிரித்தது. அந்தத் திரவம் எதனால் ஆனது என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. பணம் போனதைவிட, பதில் கிடைக்காததுதான் மனத்தை உறுத்துகிறது.

இந்தக் கருவியின் அமைப்பு மிக எளிமையானது. இரட்டைச் சுவர் கொண்ட ஓர் உலோகக் கிண்ணம்; சுவர்களுக்கிடையே குளிரைத் தேக்கி வைக்கும் திரவம்; கிண்ணத்தையோ கிண்டும் துடுப்பையோ சுழற்ற ஒரு சிறிய மோட்டார். கிண்ணத்தை 12 முதல் 24 மணி நேரம் உறைநிலைப் பெட்டியில் வைத்து, பிறகு பாலை ஊற்றிச் சுழல விட வேண்டும். குஜராத்தில் முந்தைய தலைமுறையினர் மரவாளியில் பனிக்கட்டியும் உப்பும் இட்டு, கையால் சுழற்றி ஐஸ்கிரீம் செய்த அதே முறைதான். கைக்குப் பதிலாக மோட்டார் வந்திருக்கிறது. கூடவே, கைக்கு இல்லாத ஆபத்துகளும் வந்திருக்கின்றன.

இந்தக் கிண்ணம் மைனஸ் 18 டிகிரி வரை குளிரும் உறைநிலைப் பெட்டிக்காக வடிவமைக்கப்பட்டது. நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இருப்பதோ ஒற்றைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டி. கோடையில், மின்வெட்டுக்கு நடுவே, அதன் மேல்தட்டு அந்த அளவுக்குக் குளிர்வது அரிது. எனவே பால் உறையாது. இருபது நிமிடம் ஓட வேண்டிய மோட்டார் நாற்பது நிமிடம் ஓடும். நம் வீட்டு மிக்ஸிகளில் சுமை மிகுந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் அடியில் இருப்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். அத்தகைய காப்பு இல்லாத மோட்டார் சூடேறும். கம்பிச் சுருளின் காப்புப் பூச்சு உருகும். ஈரக் கையோடு தொடுகிறவருக்கு மின்அதிர்ச்சி நேரலாம். இரண்டு முள் பிளக்கும் உலோக வெளிப்புறமும் சேர்ந்துவிட்டால் ஆபத்து இரட்டிப்பு.

மற்றவை உணவோடு தொடர்புடையவை. உறையும் பால் இறுகும்போது மட்டமான பிளாஸ்டிக் துடுப்பு தேய்ந்து, துகள்கள் ஐஸ்கிரீமில் கலக்கின்றன. கிண்ணத்தின் உட்பூச்சு உரிகிறது. கழற்றிக் கழுவ முடியாத இடுக்குகளில் பால் தங்குகிறது. உறைய வைத்தால் கிருமிகள் செத்துவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. உறைநிலை கிருமிகளை உறங்க வைக்குமே அன்றி முழுவதுமாக அழிக்காது. விலை கூடிய கருவிகளில் உள்ளேயே கம்ப்ரஸர் இருக்கும். அவற்றில் தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன் வாயு நிரப்பப்படுவதுண்டு. அளவு சிறிதுதான், ஆனால், குழாய் இணைப்பின் தரத்தை யாரேனும் சோதித்திருந்தால் மட்டுமே அந்த ஆறுதல் செல்லும்.

அப்படியானால் இந்தக் கருவிகளுக்குத் தர விதியே கிடையாதா? உண்டு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60335 வரிசைத் தரங்களில், சமையலறை இயந்திரங்களுக்கான பிரிவிலும் குளிர்சாதனங்களுக்கான பிரிவிலும் ஐஸ்கிரீம் கருவிகள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. வீட்டு மின்கருவிகளின் பாதுகாப்புக்கான நமது ஐ.எஸ். 302 தரமும் அந்த வரிசையைத் தழுவியதே. எந்தப் பாகம் எவ்வளவு சூடாகலாம், மோட்டார் சிக்கி நின்றால் என்ன நேர வேண்டும், மின்கசிவு எவ்வளவுக்கு மேல் கூடாது என்பதெல்லாம் ஏட்டில் இருக்கின்றன. இல்லாதிருந்தது கட்டாயம்.

நமது தர நிர்ணயத்தின் வரலாற்றில்தான் இதன் காரணம் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1947-இல் தொடங்கப்பட்டது. சான்று முத்திரைச் சட்டம் 1952-இல் வந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்நிறுவனம் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் அதிகாரத்தை மேலும் விரிவாக்கியது. ஆயினும் ஐ.எஸ்.ஐ. முத்திரை என்பது அடிப்படையில் விரும்பினால் பெறக்கூடிய ஒன்று. எந்தப் பொருளுக்கு மத்திய அரசு தரக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கிறதோ, அதற்கு மட்டுமே முத்திரை கட்டாயம்.

அதாவது, பட்டியலில் பெயர் இருந்தால் பாதுகாப்பு. இல்லாவிட்டால் அவரவர் தலைவிதி. 2003-ஆம் ஆண்டு ஆணை மின்இஸ்திரிப் பெட்டி, மின்அடுப்பு, அறைச்சூடேற்றி, நீர்சூடேற்றி போன்றவற்றைக் கட்டாயமாக்கியது. அதன் பின்னர் பட்டியல் நீண்டுகொண்டே வந்து, 2025-இல் பல்வேறு துறைகளைச் சேர்ந்த 700-க்கும் அதிகமான பொருள்களை எட்டியது. ஆனால், சந்தை பட்டியலுக்காகக் காத்திருப்பதில்லை. ஐஸ்கிரீம் கருவி, பாப்கார்ன் கருவி, முட்டை அவிக்கும் கருவி, எண்ணெயின்றிப் பொரிக்கும் கருவி என்று ஆண்டுதோறும் புதுப் பெயர்களில் கருவிகள் சமையலறைக்குள் நுழைகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆணை பிறப்பித்துக் கொண்டிருந்தால், அரசின் கோப்பு எப்போதும் சந்தைக்குப் பல ஆண்டுகள் பின்தங்கியே இருக்கும்.

இதை மத்திய அரசு உணராமல் இல்லை. தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, பொருளின் பெயரைப் பட்டியலிடுவதை விட்டுவிட்டு, வீட்டிலும் வணிகத்திலும் பயன்படும் மின்கருவிகள் அனைத்துக்கும் பொதுவான பாதுகாப்பு ஆணை ஒன்றை 2024-இல் வெளியிட்டது. அதற்குப் பதிலாக 2025 மே மாதத்தில் வந்த ஆணை, நடைமுறைக்கு வரும் நாளாக 2026 மார்ச் 19-ஐக் குறித்தது. தனி ஆணை இல்லாத கருவியும் ஐ.எஸ். 302 பொதுத் தரத்துக்கு உள்பட்டாக வேண்டும் என்பதே இதன் சாரம். திசை சரியானது. ஆணையில் ஒரு நாளைக் குறிப்பது எளிது. அந்த ஆணை கடைத்தெருவில் உயிர்பெறுவதுதான் கடினம். 2020-இல் அறிவிக்கப்பட்ட காலணிக்கான தர ஆணை, பலமுறை தள்ளிவைக்கப்பட்டு 2023 ஜூலையில்தான் பெரிய நிறுவனங்களை எட்டியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இத்தகைய ஆணைகளுக்கு எதிரான வாதங்களையும் நேர்மையோடு எடைபோட வேண்டும். பரிசோதனைக்கும் உரிமத்துக்கும் ஆகும் செலவை, இருபது பேரை வைத்துக் கருவி தயாரிக்கும் சிறுதொழில் முனைவோரால் தாங்க முடியாது என்கின்றனர். தரம் என்ற பெயரில் இறக்குமதியைத் தடுப்பதால் பெரிய உள்நாட்டு நிறுவனங்களே கொழிக்கின்றன என்கின்றனர். இவை புறந்தள்ளத்தக்கவை அல்ல. வேதிப்பொருள்கள், நெகிழி மூலப்பொருள்கள் ஆகியவை தொடர்பான 14 தர ஆணைகளை 2025 நவம்பரில் அரசே விலக்கிக்கொண்டது. மூலப்பொருளின் விலை ஏறினால் அதை நம்பியிருக்கும் ஆலைகள் நலிவடையும் என்ற கவலையில் பொருள் இருக்கிறது.

ஆனால், ஆலைக்குள் செல்லும் மூலப்பொருளும், குழந்தை நிற்கும் சமையலறைக்குள் செல்லும் மின்கருவியும் ஒன்றல்ல. மூலப்பொருளை வாங்கும் ஆலையில் சோதனைக்கூடம் இருக்கிறது. திருப்பி அனுப்பும் பேரம் பேசும் வலிமை இருக்கிறது. இல்லத்தரசியிடம் என்ன இருக்கிறது? கண்ணால் பார்த்து மோட்டாரின் தரத்தை அறிய முடியுமா? முகர்ந்து பார்த்துத் திரவத்தின் நச்சுத்தன்மையைச் சொல்ல முடியுமா? நுகர்வோர் தாமாக அறிந்துகொள்ள முடியாத ஆபத்தை அவர் சார்பில் சோதித்துச் சொல்வதுதான் அரசின் கடமை. சிறுதொழிலுக்குச் சுமை என்றால், பரிசோதனைக் கட்டணத்தைக் குறையுங்கள்; தொழிற்பேட்டைகளில் பொதுச் சோதனைக்கூடங்களை அமையுங்கள்; கூடுதல் அவகாசம் கொடுங்கள். சோதனையையே கைவிடுவது தீர்வாகாது.

பொம்மைகளின் அனுபவம் நமக்கு ஒரு பாடம். 2019-இல் இந்தியத் தர மன்றம், தில்லியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 121 வகைப் பொம்மைகளை வாங்கிச் சோதித்தது. இறக்குமதியானவற்றில் ஏறத்தாழ 67 சதவீதம் தேர்ச்சி பெறவில்லை. அந்த ஓர் எண் பல ஆண்டு விவாதத்தை முடித்து வைத்தது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. சமையலறைக் கருவிகளையும் அதேபோலச் சந்தையிலிருந்து வாங்கிச் சோதித்து, முடிவை மக்கள் முன் வைப்பதில் என்ன தடை?

அடுத்து, விற்பவரின் பொறுப்பு. கட்டாய முத்திரை இருந்தும் அது இல்லாத பொருள் தாராளமாக விற்பனையாகிறது என்பதற்குச் சான்றுகள் அரசிடமே உள்ளன. பிரஷர் குக்கருக்கு முத்திரை 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். அதன் பிறகும் தரமற்ற குக்கர்கள் விற்கப்பட்டதாக, 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான் நிறுவனத்துக்கும் ஃபிளிப்கார்ட் நிறுவனத்துக்கும் எதிராக ஆணை பிறப்பித்தது. முதலாவதன் தளத்தில் விற்பனையானவை 2,265, இரண்டாவதில் 598. வாங்கிய அனைவருக்கும் தகவல் தெரிவித்து, குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது ஆணையம். இரு நிறுவனங்களும் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடின.

கவனிக்க வேண்டியது அபராதத் தொகையை. ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய். அந்தக் குக்கர்களின் விற்பனையால் அமேசான் பெற்ற கட்டணமே 6 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்று ஆணையத்தின் ஆணையே பதிவு செய்திருக்கிறது. வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு அபராதம் என்றால், அது தண்டனையா, வணிகச் செலவா?

2025 மார்ச்சில் தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகள், தெற்கு தில்லியின் மோகன் கூட்டுறவுத் தொழிற்பேட்டையில் உள்ள அமேசான் கிடங்கில் சோதனை நடத்தினர். முத்திரை இல்லாத நீர்சூடேற்றிகள், மிக்ஸிகள் உள்ளிட்ட 3,500-க்கும் மேற்பட்ட பொருள்களைக் கைப்பற்றினர். மதிப்பு சுமார் 70 லட்சம் ரூபாய். அதே மாதத்தில் தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டக் கிடங்குகளும் சோதனைக்குத் தப்பவில்லை. தலைநகரில் ஒரே கிடங்கில் இவ்வளவு என்றால், சோதனை நடக்காத கிடங்குகளில் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

'நாங்கள் விற்பவர்கள் அல்லர். விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் சந்தை மட்டுமே' என்பது இத்தகைய தளங்களின் வழக்கமான வாதம். விளம்பரம் அவர்களுடையது, கட்டணம் அவர்களுக்கு, கிடங்கும் வண்டியும் அவர்களுடையவை, பொறுப்பு மட்டும் வேறொருவருடையதா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் யாரென்றே தெரியாதபோதும், அவர் இந்தியச் சட்டத்துக்கு உள்படாதவராக இருக்கும்போதும், பொருளால் விளைந்த தீங்குக்கு விற்றவரையே பொறுப்பாக்குகிறது. அருமையான பிரிவு. விற்பனைக்கு இடம் தந்து கட்டணம் பெறும் தளமும் அதற்குள் அடங்கும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி எழுதிவிட்டால், முகவரி இல்லாத கருவிகள் தாமாகவே திரையிலிருந்து மறையும்.

மூன்றாவதும் மிக முக்கியமானதும், பழுதான பொருள்களைத் திரும்பப் பெறும் முறை. ஒரு மோட்டார் வாகனத்தில் குறை இருந்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால், அதைக் கட்டாயமாகத் திரும்பப் பெறச் செய்யும் விதி 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அபராதம் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், திரும்பப் பெறப்படும் ஒவ்வொரு கருவியின் பெயரையும் காரணத்தையும் எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. பொதுமக்கள் தரும் விபத்துப் புகார்களையும் 2011 முதல் பொதுத் தளத்தில் பதிவு செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாட்டில் கண்டுபிடிக்கப்படும் ஆபத்தான பொருளைப் பற்றிய எச்சரிக்கை மற்ற நாடுகளுக்கு உடனே சென்று சேர்கிறது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் உண்டு; தர நிர்ணய அமைவனத்துக்கும் உண்டு. ஆனால், ஒரு வீட்டில் மோட்டார் கருகினால் அது அந்த வீட்டின் துரதிருஷ்டமாகவே முடிந்துவிடுகிறது. அதே கருவி பாட்னாவிலும் புணேயிலும் மதுரையிலும் கருகியிருக்கலாம். ஒருவரின் அனுபவம் மற்றவரை எச்சரிப்பதில்லை. 2021-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அறுந்து விழுந்த மின்கம்பி முதல் வீட்டுக் கருவி வரை எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. எந்தக் கருவி எத்தனை உயிரைப் பறித்தது என்று தெரியாமல், எந்தக் கருவியைத் தடுப்பது?

அரசு செய்ய வேண்டியவை இவை. பொதுப் பாதுகாப்பு ஆணையை மேலும் தள்ளிப்போடாமலும் விதிவிலக்குகளால் வலுவிழக்கச் செய்யாமலும் காப்பாற்ற வேண்டும். உணவைத் தொடும் துடுப்பும் கிண்ணமும் மின்பாதுகாப்புச் சோதனையோடு மட்டும் தேறிவிடக் கூடாது. உணவுக்கு உகந்தவைதாமா என்ற சோதனைக்கும் உள்பட வேண்டும். கிண்ணத்துக்குள் அடைக்கப்படும் திரவம் எதுவென்று பெட்டியில் அச்சிட வேண்டும். விபத்துப் புகார்களையும் திரும்பப் பெறும் உத்தரவுகளையும் எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே இடத்தில் வெளியிட வேண்டும். விற்பனைத் தளம் வாங்கியவரின் கைப்பேசி எண்ணை வைத்திருக்கிறது. தள்ளுபடிச் செய்தியை நாள்தோறும் அனுப்பத் தெரிந்த நிறுவனத்துக்கு, ஓர் எச்சரிக்கைச் செய்தியை அனுப்புவது சிரமமாக இருக்க முடியாது.

அதுவரை நுகர்வோரும் சும்மா இருந்துவிடலாகாது. முத்திரையோடு உரிம எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முழு முகவரி இல்லாத கருவியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுக்கிவிடலாம். கருவி பழுதானால் தூக்கி எறியாமல், ரசீதோடு பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். இழப்பீடு கோரி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க் கருவிக்காக யார் வழக்காடுவார்கள் என்ற எண்ணம்தான் தரமற்ற பொருளை விற்பவரின் மூலதனம். இக்கட்டுரையாளரின் இல்லத்தில் அந்த உறைகிண்ணம் இன்னும் பத்திரமாக இருக்கிறது; புகாரும் பதிவாகியிருக்கிறது. கிண்ணத்துக்குள் என்ன இருந்தது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை, அதில் ஐஸ்கிரீம் உண்ட குழந்தைக்கு இருக்கிறது. அந்த உரிமைக்குப் பதில் சொல்ல ஒரு பெயரும் ஒரு முகவரியும் இருக்கச் செய்வதே அரசு ஆற்ற வேண்டிய முதல் கடமை.